மருந்தும் சோறும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில், குரோம்பேட்டையைத் தாண்டியதும் தாம்பரம் சானடோரியம் என்ற நிலையத்தில் நிற்கும். தினமும் ஏறி இறங்குபவர்களில் பலருக்கு அது ஓர் ஊர்ப் பெயர். 'சானடோரியத்துல இறங்கி ஆட்டோ பிடிச்சுக்கோ' என்று வழி சொல்கிறோம். 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பெயர் அதிலிருந்து வந்தது.

சானடோரியம் என்பது காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் பிறந்த ஏற்பாடு. ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, காற்று தாராளமாக வரும் கட்டடம். நோயாளி அங்கே மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் படுத்திருப்பார். பாலும் முட்டையும் கறியும் வேளை தவறாமல் வரும். உடம்புக்கு ஓய்வும் ஊட்டமும் கிடைத்தால் அது தானாகவே நோயை அடக்கிவிடும் என்பது நம்பிக்கை. சிலருக்கு அடங்கியது. பலருக்கு அடங்கவில்லை. குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்களில் கணிசமானோர் திரும்பிப் போகவே இல்லை.

1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதை அடுத்து பாஸ் எனப்படும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும், 1952இல் ஐசோநியாசிடும் வந்தன. வரலாற்றில் முதன்முறையாக காசநோய்க் கிருமியைக் கொல்ல முடிந்தது. அப்போது இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். காசநோய்ப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. எத்தனை சானடோரியம் கட்டினாலும் அந்தக் கணக்கு நேராகாது. அதனால் மருத்துவர்கள் முன் ஒரு கேள்வி நின்றது. நோயாளியைப் படுக்கையில் சேர்க்காமல், மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் குணமாவாரா?

இன்று இது சாதாரணக் கேள்வியாகத் தோன்றலாம். அன்று பல மருத்துவர்களுக்கு அது ஆபத்தான யோசனை. ஒற்றை அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீடு. அதில் ஒருவர் இருமிக்கொண்டிருக்கிறார். காலையில் கஞ்சி, இரவில் கிடைத்தால் சோறு. இரண்டு வாரத்தில் காய்ச்சல் விட்டதும் அவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார், ஏனென்றால் கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. இப்படிப்பட்ட வீட்டில் மருந்து என்ன செய்துவிடும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்கு விடை தேடிய இடம் சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்தன. இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். முதல் ஆய்வை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னையின் நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். யார் சானடோரியத்துக்குப் போவது, யார் வீட்டிலேயே இருப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறையில் முடிவானது. இரு பிரிவினருக்கும் ஐசோநியாசிடும் பாஸும் சேர்ந்த அதே மருந்து, அதே ஒரு வருடம்.

1959இல் முடிவு வெளிவந்தது. ஒரு வருட முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கும் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அந்தச் சிறு இடைவெளியும் மறைந்துவிட்டது. இரு பிரிவிலும் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு நலமாக இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. நோயாளி கண்டறியப்படுவதற்கு முன், மருந்தே தொடங்காத மாதங்களில்தான் வீட்டாருக்குக் கிருமி பரவுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இந்தச் சென்னை ஆய்வு முக்கியக் காரணம். சுவிட்சர்லாந்து மலைகளில் இருந்த ஆடம்பரமான காசநோய் இல்லங்களுக்கும் அவசியம் இல்லாமல் போனது. சென்னையின் குடிசைகளில் வாழ்ந்த 193 பேர் உலக மருத்துவத்துக்குக் கொடுத்த கொடை அது. நம் பள்ளிப் பாடநூல்களில் இதைப் பற்றிப் படித்த நினைவு எனக்கு இல்லை. இருந்திருக்க வேண்டும்.

ஓர் ஆய்வு முடிவு வெளியானபின் நடப்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது. அதற்கு அந்த ஆய்வில் வீட்டுச் சிகிச்சை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

பாஸ் சாப்பிடுவது சுலபமான காரியம் இல்லை. நாளொன்றுக்குச் சுமார் பத்து கிராம் மருந்து உள்ளே போக வேண்டும். வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும், பேதியாகும். காய்ச்சல் விட்டு உடம்பு தேறியபின் அதை மாதக்கணக்கில் விழுங்க யாருக்குத்தான் மனம் வரும்? இது மையத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதனால் நோயாளிகள் வாரந்தோறும் வந்து மருந்து வாங்கிப் போனார்கள். இடையில் சுகாதாரப் பார்வையாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே போனார்கள். மருந்து டப்பாவைத் திறந்து எத்தனை மிச்சம் என்று எண்ணினார்கள். சிறுநீர் வாங்கி வந்து அதில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். யாராவது ஒரு வாரம் வராவிட்டால் தேடிக்கொண்டு போனார்கள். வேலைப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை எல்லாம் கேட்டுப் பேசினார்கள். 86 சதவீதம் என்ற எண்ணுக்குப் பின்னால் இத்தனை நடையும் பேச்சும் இருந்தன.

ஆய்வு முடிவு நாடெங்கும் போனது. மருந்தும் கூடவே போனது. கதவைத் தட்டியவர்கள் அந்த அளவுக்குப் போகவில்லை.

1962இல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது. அதற்கு முன்பே 1959இல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. அங்கே மருத்துவர்கள், புள்ளியியலாளர்கள் ஆகியோருடன் சமூகவியலாளர்களும் வேலை செய்தார்கள். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான ஏற்பாடு. அங்கே பணியாற்றிய தேபபர் பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர்ப் பகுதிக் கிராமங்களில் நோயாளிகளைத் தேடிப்போய்ப் பேசினார்கள். கிராமத்து மக்களுக்கு அறியாமை, அவர்கள் மருத்துவமனைக்கு வர மாட்டார்கள் என்பது அன்று பரவலாக இருந்த எண்ணம். ஆனால் சளியில் கிருமி இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தாங்களாகவே அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். அங்கே அவர்களுக்கு இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். சளியைப் பரிசோதிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்த ஒரு கண்டுபிடிப்பு திட்டத்தின் வடிவத்தையே மாற்றியது. காசநோய்க்கெனத் தனிக் கட்டடம், தனிப் படை என்று போகாமல், மக்கள் எந்தக் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் போகிற பொது மருத்துவமனையிலேயே சளிப் பரிசோதனையும் மருந்தும் கிடைக்க வேண்டும் என்று வகுத்தார்கள். ஒருங்கிணைந்த சுகாதார ஆராய்ச்சி என்று இன்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் இதுதான். கிருமியைப் பற்றிய அறிவும் மனிதர்களின் நடையைப் பற்றிய அறிவும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்பட்டன.

ஆனால் திட்டம் காகிதத்தில் இருந்த அளவுக்குக் களத்தில் இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு போனவர் சாப்பிட்டாரா என்று பார்க்க ஆள் இல்லை. சிகிச்சை தொடங்கியவர்களில் பாதிப் பேர்கூட அதை முடிக்கவில்லை என்பது 1990களின் தொடக்கத்தில் நடந்த மதிப்பாய்வில் அம்பலமானது. இதிலும் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. மருந்தை ஒருவர் கண்ணெதிரே விழுங்கவைத்தால் இந்தச் சிக்கல் தீரும் என்பதைச் சென்னை மையம் 1960களிலேயே காட்டியிருந்தது. வாரம் இருமுறை நோயாளி வந்து, ஊழியர் முன்னிலையில் ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கொள்ளும் முறையைச் சோதித்து, அது வேலை செய்கிறது என்று நிரூபித்தார்கள். அந்தக் கொள்கையை அடித்தளமாகக் கொண்ட டாட்ஸ் முறை இந்தியாவில் தேசியத் திட்டமாக வந்தது 1997இல். நாடு முழுவதையும் அது எட்டியது 2006இல். சென்னையில் கிடைத்த விடை இந்தியாவின் எல்லா மாவட்டங்களுக்கும் போய்ச் சேர நாற்பது ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் இறந்தவர்களை நினைக்காமல் இந்தத் தேதிகளை எழுத முடியவில்லை.

இனி சோற்றின் கதை.

1959 ஆய்வில் சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் நன்றாகக் கூடியது. வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு மோசம், எடையும் அவ்வளவு ஏறவில்லை. இருந்தும் இரு பிரிவிலும் சளியிலிருந்து கிருமி ஏறக்குறைய ஒரே அளவில் மறைந்தது. மருந்து சரியாக உள்ளே போனால், சாப்பாடு குறைவாக இருந்தாலும் கிருமி சாகும். ஏழை நாட்டுக்கு இது விடுதலை தந்த செய்தி. பாலும் முட்டையும் வாங்கித் தர வழியில்லாதவரையும் குணப்படுத்தலாம் என்று அது சொன்னது. ஆய்வாளர்கள் கேட்ட கேள்விக்கு அவர்கள் கண்ட விடை இன்றும் சரியானது.

அந்த விடையை வாசித்தவர்கள்தான் அதை இழுத்து நீட்டினார்கள். காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை என்பதாக அது மருத்துவக் கல்லூரிகளிலும் திட்ட அலுவலகங்களிலும் நிலைத்தது. சளியில் கிருமி மறைகிறதா என்பது ஒரு கேள்வி. மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் யார் சாகிறார்கள் என்பது இன்னொன்று. அதே வீட்டில், அதே பானையில் சாப்பிடும் மற்றவர்களுக்கு நோய் வருமா என்பது மூன்றாவது. பின்னிரண்டு கேள்விகளையும் வெகுகாலம் யாரும் அதே கறாரோடு கேட்கவில்லை.

காசநோய்க் கிருமி உடம்பில் நுழைந்தவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நுரையீரலில் நம் வெள்ளணுக்கள் கிருமியைச் சூழ்ந்து சுவர் கட்டி அடைத்துவைக்கின்றன. பெரும்பாலானோருக்கு அந்தச் சுவர் ஆயுள் முழுக்க நிற்கும். சுவரைக் காப்பது டி செல்கள் எனப்படும் பாதுகாப்பு அணுக்கள். புரதமும் ஆற்றலும் நீண்டகாலம் குறைந்தால் அந்த அணுக்கள் எண்ணிக்கையிலும் வலுவிலும் தளர்கின்றன. சுவர் விரிசல் விடுகிறது. அடைபட்டிருந்த கிருமி வெளியே வருகிறது. நோய் வந்தபின் காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்து உடம்பை மேலும் கரைக்கின்றன. பசி நோயைக் கொண்டுவர, நோய் பசியைக் கொன்று இன்னும் மெலியவைக்கிறது. நம் பாட்டிமார் இதற்கு வைத்த பெயர் எலும்புருக்கி. நோயின் இயக்கத்தை நேரில் பார்த்துவைத்த பெயர்.

2019இல் ஜார்கண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. மங்களூரு யெனெபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும், அதே பழைய சென்னை நிறுவனத்தின் துணையோடு நடத்தியது. ரேஷன்ஸ் என்பது அதன் பெயர். நான்கு மாவட்டங்கள், 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் வாழ்ந்த 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் வழக்கமான மருந்தோடு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய், கூடவே சத்து மாத்திரை. பாதிப் பகுதிகளில் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் தலைக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மீதிப் பகுதிகளில் வீட்டாருக்குத் தரவில்லை. கொரோனா ஊரடங்குக் காலத்திலும் ஆய்வு நிற்கவில்லை.

சேரும்போது நோயாளிகளில் ஐந்தில் நால்வர் எடை குறைந்தவர்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் மிக மோசமாக மெலிந்திருந்தார்கள். 2023 ஆகஸ்டில் லான்செட் இதழ்க் குழுமத்தில் முடிவுகள் வந்தன. உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. அதிலும் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்திருந்தது. 30 வீடுகளுக்கு உணவு கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்று கணக்கிட்டார்கள். நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது.

இதை ஒரு தடுப்பூசியின் முடிவாக அறிவித்திருந்தால் எல்லாப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போட்டிருக்கும். ரேஷன் கடையில் கிடைக்கும் அரிசியும் பருப்பும் என்பதால் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இந்த முடிவுகள் வருவதற்குச் சற்று முன்பே வேறொரு முயற்சி தொடங்கியிருந்தது. 2022 ஏப்ரலில், சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில், காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மாநில அரசோடு சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் கைகோத்தது. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் கையிலிருந்த உண்மை. மருந்து வேலை செய்வதற்கு முன்பே உடம்பு விட்டுவிடுகிறது. அப்படியானால் அவர்களை முதல் நாளே அடையாளம் காண வேண்டும். அதற்குப் பெரிய ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ வைத்தால் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்காது. அதனால் ஒரே ஒரு தாளில் சில கேள்விகளை மட்டும் வைத்தார்கள்.

எடையும் உயரமும் முதலில். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. 18.5க்குக் கீழே போனால் மெலிவு. அது 14 அல்லது அதற்கும் கீழே என்றால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை, ஆபத்து. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆண் 38 கிலோ இருந்தால் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவார். அதைவிடக் கொஞ்சம் மேலே, 16 வரை இருந்தால் கால் வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவார்கள். 24ஐத் தாண்டினால் கவலை. விரலில் மாட்டும் சிறு கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்கியிருந்தால் கவலை. கடைசியாக, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது.

'அண்ணே, பெஞ்சைப் பிடிக்காம எந்திரிங்க பாப்போம்.'

அவர் முயல்வார். கை தானாகவே பெஞ்சின் விளிம்பைத் தேடும். கூட வந்த மனைவி அக்குளில் கை கொடுக்கப் போவார். செவிலியர் வேண்டாம் என்று சைகை காட்டுவார். இந்தச் சில நொடிகள் சொல்வதைச் சளிப் பரிசோதனையின் முடிவு சொல்லாது. தொடைத் தசையும் மூச்சுத் தசையும் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்பது அங்கே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

இப்படி ஆபத்தில் இருப்பவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் படுக்கை தேவையில்லை என்று சொன்ன அதே ஊரிலிருந்து, சிலருக்குப் படுக்கை அவசியம் என்ற திருத்தம் வந்திருக்கிறது. முன்னதோடு இது முரண்படவில்லை. எல்லோரையும் சேர்க்க வேண்டாம் என்று ஆனபிறகு, யாரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்க யாரோ ஒருவர் திரும்பி வர வேண்டியிருந்தது. ஏன் மருத்துவமனை, வீட்டிலேயே நன்றாகச் சாப்பாடு போட்டால் போதாதா என்று தோன்றும். மிக மோசமாக மெலிந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சோறு போட்டால், செல்கள் அதைச் செரித்துப் பயன்படுத்தும் வேகத்தில் ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று குறைந்து இதயமே நின்றுபோகலாம். பஞ்சத்திலும் முகாம்களிலும் பட்டினி கிடந்து மீட்கப்பட்டவர்களுக்கு நேர்ந்தது அதுதான். கொஞ்சம் கொஞ்சமாக, அளவு பார்த்து, கூடவே மூச்சையும் நாடியையும் கவனித்து ஊட்ட வேண்டும். அதற்கு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

திட்டம் தொடங்கிய சில மாதங்களிலேயே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவட்டங்களில் தொடக்கக் கால இறப்பு 20 சதவீத அளவுக்குக் குறைந்தது. புதிதாக ஒரு மருந்து வரவில்லை, புதிய கருவி வரவில்லை. எடை பார்க்கும் மிஷினும் ஒரு தாளும் ஏற்கெனவே இருந்த படுக்கைகளும்தான். ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள், இறந்தவர் ஏன் இறந்தார் என்று தொடர்ந்து எண்ணி, விடுபட்ட இடத்தை உடனே கேட்டார்கள். நடைமுறைப்படுத்துவதையே ஆய்வாகச் செய்தார்கள் என்று சொல்லலாம். 1950களில் சுகாதாரப் பார்வையாளர்கள் டப்பாவைத் திறந்து எண்ணினார்களே, அந்தப் பழக்கம் இது.

உணவு விஷயத்தில் அரசும் நகர்ந்திருக்கிறது. 2018 முதல் நிக்ஷய் போஷண் திட்டத்தில் நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போடப்பட்டது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். மெலிந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் ஊட்டச்சத்து உணவும் அறிவித்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய முன்னேற்றம். ஆனாலும் ஜார்கண்டில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அரிசிப் பை. அதை வாங்க வங்கிக் கணக்கும் ஆதார் இணைப்பும் தேவைப்படவில்லை. எழுந்து நிற்க முடியாத ஒருவர் கணக்குத் திறக்க வங்கிக்குப் போக முடியாது. பணம் தாமதமாக மூன்றாவது மாதம் வந்தால், அவரைக் கொல்லக்கூடிய அந்த முதல் இரண்டு மாதம் அதற்குள் கடந்திருக்கும். வீட்டிலிருக்கும் குழந்தைகளின் தட்டில் என்ன விழுகிறது என்பதை அந்த 1,000 ரூபாய் எந்த அளவுக்கு மாற்றும் என்பதும் இன்னும் அளந்து பார்க்க வேண்டியது.

எனவே இரண்டாம் மாத இறுதியில் நோயாளி திரும்ப வரும்போது செவிலியர் செய்யும் ஒரு காரியத்தில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. மாத்திரை அட்டையைச் சரிபார்க்கிறார், சளி டப்பாவை வாங்கி வைக்கிறார், பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி அவரை மறுபடியும் எடை மிஷினில் ஏற்றுகிறார். 38 கிலோவாகச் சேர்ந்தவருக்கு ஐந்து சதவீதம் என்றால் 1.9 கிலோ. முள் 40ஐத் தொடுகிறதா என்று செவிலியரும் நோயாளியும் மனைவியும் மூன்று பேருமாகக் குனிந்து பார்க்கிறார்கள்.